காலி பாக்கெட்டுக்கு என்ன விலை?

ஷாம்பு என்றால் பாட்டில்தான் என்றிருந்த காலத்தில், ஒரு தலைமுழுக்குக்குப் போதுமான அளவை மட்டும் சின்ன உறையில் அடைத்து விற்கலாம் என்று யோசித்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். எப்சம் உப்பு, டால்கம் பவுடர் என்று சிறு பொட்டலங்களில் விற்றுப் பழகி, பிறகு ‘வெல்வெட்’ ஷாம்புவுக்கு வந்தார். பணக்காரர் வீட்டுக் குளியலறையில் இருக்கும் சரக்கு கூலி வேலைக்குப் போகிறவர் கைக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியே தொழில் தொடங்கி ‘சிக்’ ஷாம்புவைக் கொண்டுவந்தார். அதைப் பரப்ப அவர் கையாண்ட வழி சுவாரசியமானது. எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, காலி பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, காலி சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார். விற்பனை எகிறியது.

மேலாண்மை வகுப்புகளில் இதை வியாபாரத் தந்திரமாகச் சொல்வார்கள். குப்பையின் பக்கம் நின்று பார்த்தால் இதில் வேறொன்றும் தெரியும். காலி பாக்கெட்டுக்கு ஒரு விலை இருந்தவரை அது கடைக்குத் திரும்பி வந்தது. திட்டம் முடிந்ததும் சாக்கடைக்குப் போனது. அன்று முதல் இன்றுவரை ஷாம்பு பாக்கெட்டை எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் கடை ஒன்றுகூட கிடையாது. பால் கவரை வாங்குவார்கள், தண்ணீர் பாட்டிலை வாங்குவார்கள், அட்டைப்பெட்டிக்கு நல்ல விலையே உண்டு. ஷாம்பு, சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளை மட்டும் தொட மாட்டார்கள். குப்பை சேகரிப்பவரும் அதைத் தாண்டித்தான் போவார்.

காரணம் அந்தப் பாக்கெட்டின் சாமர்த்தியம்தான். பார்ப்பதற்கு ஒரே தாள்போலத் தெரியும் அது உண்மையில் மூன்று நான்கு வெவ்வேறு பொருட்களின் அடுக்கு. வெளியே அச்சு ஏற்றுவதற்கும் கிழியாமல் இருப்பதற்கும் பாலியெஸ்டர். நடுவே வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்க அலுமினியம். உள்ளே சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும் பாலிஎத்திலீன். சிப்ஸ் பாக்கெட்டில் அந்த அலுமினியம் தகடாகக்கூட இருக்காது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பிளாஸ்டிக்கின் மேல் படியவிட்ட பூச்சு. அதன் கனத்தை அளக்க மைக்ரான் போதாது, நானோமீட்டர் வேண்டும். அந்த மெல்லிய பூச்சு இல்லாவிட்டால் உள்ளே ஈரம் புகுந்து சிப்ஸ் நமத்துப்போகும், ஆக்சிஜன் நுழைந்து எண்ணெய் காறிப்போகும். பாக்கெட்டில் பாதி காற்றுதான் என்று நாம் கேலி செய்கிறோமே, அதுவும் சாதாரணக் காற்று அல்ல. ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு நிரப்பும் நைட்ரஜன்.

இப்படி ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்க முடியாது என்பதில்லை. கரைப்பான்களில் ஊறவைத்து ஒரு பிளாஸ்டிக்கை மட்டும் கரைத்தெடுக்கும் முறை இருக்கிறது. 2017-ல் யூனிலீவர் நிறுவனம் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தோடு சேர்ந்து இந்தோனேசியாவில் அதற்கென்று ஒரு சோதனை ஆலையை அறிவித்தது. ஆனால் அந்த முயற்சி பெரிய தொழிலாக வளரவில்லை. சில கிராம்கூட எடை இல்லாத பாக்கெட்டுகளை லட்சக்கணக்கில் பொறுக்கி, கழுவி, ஆலை வாசல்வரை கொண்டுவர ஆகும் செலவு, அதிலிருந்து கிடைக்கும் பிளாஸ்டிக்கின் விலையைத் தின்றுவிடும். வேதியியல் அனுமதித்தாலும் கூலிக் கணக்கு அனுமதிப்பதில்லை. ஆகவே நம் ஊர் நகராட்சிகள் சேகரிக்கும் இந்த வகைக் குப்பையில் ஒரு பகுதி அரியலூர் பக்கத்து சிமென்ட் ஆலைகளின் சூளையில் எரிபொருளாகிறது. இன்னொரு வழியைக் காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்குகளை உருக்கிப் பூசி, பிறகு தார் கலந்து சாலை போடும் அவர் முறைக்காக 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டும் பயனுள்ளவைதான். ஆனாலும் பாக்கெட் மறுபடி பாக்கெட்டாவதில்லை.

இவ்வளவு தொல்லை தரும் உறையை ஒரேயடியாக ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பது சுலபம். அதற்குமுன் அது செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும். பால் மாதக்கணக்கில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் கெடாமலிருப்பது, முக்கால் பங்கு காகிதமும் மீதி பிளாஸ்டிக்கும் துளி அலுமினியமும் சேர்ந்த டெட்ரா பேக் அட்டையால். சமைத்த குழம்பை உறைக்குள் அடைத்து, உறையோடு சேர்த்து 121 டிகிரி சூட்டில் வேகவைக்கும் ரிடார்ட் பை வந்த பிறகுதான், எல்லையில் நிற்கும் ராணுவ வீரருக்கு டப்பாவைச் சுமக்காமல் சாப்பாடு கிடைத்தது. அந்தப் பையில் முதன்முதலாகக் கடைக்கு வந்தது 1968-ல் ஜப்பானின் ‘பான் கறி’. இந்தியாவில் அந்த நுட்பத்தை வளர்த்ததில் மைசூரு பாதுகாப்பு உணவு ஆய்வகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாவற்றையும்விடக் கெட்டிக்கார உறை ஒன்று உண்டு. நாம் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறோம், கவனித்திருக்க மாட்டோம். போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். மருந்து நல்ல நிலையில் இருக்கும்போது சதுரம் வெளுப்பாகவும் சுற்றியுள்ள வட்டம் கறுத்தும் தெரியும். குப்பி வெப்பத்தில் இருக்க இருக்க, அந்தச் சதுரத்தில் பூசிய வேதிப்பொருள் மெல்ல மெல்லக் கறுக்கும். ஒருமுறை கறுத்தால் மீண்டும் ஐஸ் பெட்டியில் வைத்தாலும் வெளுக்காது. சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 1996-ல் போலியோ மருந்தோடு அறிமுகமான இந்தக் குறி, கிராம சுகாதார செவிலியர் கையில் வெப்பமானியோ ஏட்டுக்கணக்கோ இல்லாமலே, அந்தக் குப்பி தொழிற்சாலையிலிருந்து பட்ட சூடு மொத்தத்தையும் சொல்லிவிடுகிறது. சந்தேகத்தின் பேரில் நல்ல மருந்தைக் கொட்டுவதும் மிச்சம், கெட்டுப்போனதைக் குழந்தைக்குக் கொடுப்பதும் மிச்சம். பொருளைக் காப்பதோடு அதன் கதையையும் சொல்லும் உறை என்று பார்த்தால், இதற்குப் பிறகு வந்த ‘ஸ்மார்ட் பேக்கேஜிங்’ பலவும் இதன் தம்பி தங்கைகள்தான்.

எனவே இன்று ஆய்வகங்களில் நடப்பது உறையை ஒழிக்கும் வேலை அல்ல. அதே காவலைச் செய்துவிட்டு, வேலை முடிந்ததும் தொல்லை தராமல் போகும் உறையைத் தேடும் வேலை. அதில் மூன்று திசைகள் தெரிகின்றன.

முதல் திசை, பல அடுக்கை விட்டு ஒரே பொருளுக்கு வருவது. இதற்குப் பற்பசை ட்யூப்பைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு காலத்தில் அது முழு அலுமினியம். கடைசித் துளிவரை சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு பிளாஸ்டிக், அலுமினியம், பிளாஸ்டிக் என்று அடுக்கிய ட்யூப் வந்தது. பிதுக்க எளிது, மறுசுழற்சிக்கு ஆகாது. 2019-ல் கோல்கேட் நிறுவனம் முழுக்க உயர் அடர்த்தி பாலிஎத்திலீனாலான ட்யூப்பைக் கொண்டுவந்தது. ஷாம்பு பாட்டில் செய்கிற விறைப்பான பிளாஸ்டிக் குடும்பம் அது. அதைக் குழந்தை அமுக்கினாலும் பிதுங்கும்படி மென்மையாக்குவதுதான் சவால். ஒரே பிளாஸ்டிக்கின் வெவ்வேறு தரங்களைச் சரியான கனத்தில் அடுக்கி அதைச் சாதித்தார்கள். பாட்டிலோடு சேர்த்தே இதை உருக்கிவிடலாம்.

அதன்பின் கோல்கேட் செய்த காரியம்தான் உண்மையான கெட்டிக்காரத்தனம். போட்டி நிறுவனங்களோடும் அந்த நுட்பத்தைப் பகிர்ந்துகொண்டது. இதில் தாராள மனசைவிடத் தொழில் கணக்குதான் அதிகம். நூறு ட்யூப்பில் பத்து மட்டும் மறுசுழற்சிக்கு உகந்ததாக இருந்தால், எது நல்லது எது கெட்டது என்று பிரித்துக்கொண்டிருக்க மாட்டார் ஆலைக்காரர், மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார். எல்லாம் ஒரே மாதிரி ஆனால்தான் ட்யூப்புக்கு எடைக்கடையில் விலை பிறக்கும்.

தின்பண்டப் பாக்கெட்டுகளிலும் இதே முயற்சி நடக்கிறது. பாலியெஸ்டர் இருந்த இடத்தில், இழுத்து விறைப்பாக்கிய பாலிஎத்திலீன். அலுமினியம் இருந்த இடத்தில், காற்றைத் தடுக்கும் இவிஓஹெச் என்ற பிளாஸ்டிக் மிகச் சன்னமாக, அல்லது கண்ணாடிக்கு மூலமான சிலிக்கான் ஆக்சைடு பூச்சு. வேற்றுப் பொருள் பொதுவாக ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் மறுசுழற்சி ஆலை பொறுத்துக்கொள்ளும். ஆனால் விறைப்பு, பளபளப்பு, இயந்திரத்தில் ஓடும் வேகம் எல்லாவற்றிலும் பழைய அடுக்குப் பாக்கெட்டோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அதுவும் பைசாக் கணக்கில்.

இரண்டாவது திசைதான் பொதுமக்களுக்குப் பிடித்தது: மக்கும் பொருள். இங்கேதான் குழப்பமும் அதிகம். செடியிலிருந்து வந்தது என்றால் மக்கும், பெட்ரோலியத்திலிருந்து வந்தது என்றால் மக்காது என்று ஒரு பொது நம்பிக்கை. இரண்டு பாதியுமே தவறு. பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலிஎத்திலீன் தயாரிக்கிறது. பிறந்தது கரும்புக் காட்டில் என்றாலும் அது சாதாரண பிளாஸ்டிக் பையேதான். நூறு வருடம் கிடந்தாலும் கிடக்கும். மறுபக்கம் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். திருப்பதி லட்டு வாங்கும் பக்தர்களுக்காக 2021-ல் திருமலையில் அறிமுகமான மக்கும் பைகள் பிபிஏடி கொண்டு செய்தவை. அந்த நுட்பத்தை உருவாக்கியது ஏவுகணைப் பாகங்கள் வடிவமைக்கும் டிஆர்டிஓவின் ஐதராபாத் ஆய்வகம் என்பது கூடுதல் செய்தி.

சோளமாவிலிருந்தும் கரும்பிலிருந்தும் கிடைக்கும் பிஎல்ஏ என்ற பாலிலாக்டிக் அமிலம் இந்தக் குடும்பத்தில் மிகப் பிரபலம். பழச்சாறு விற்கும் கண்ணாடிபோன்ற டம்ளர்களில் அதைப் பார்த்திருக்கலாம். அதில் சுடச்சுடக் காபி ஊற்றினால் டம்ளர் கோணிக்கொள்ளும், 60 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடுவதால். மக்கவும் அதே அளவு சூடு வேண்டும். ஈரமும் காற்றும் சேர்ந்து ஏறத்தாழ 58 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்திருக்கும் தொழில்முறை உரக்கிடங்கில் அது காணாமல் போகும். வீட்டுத் தோட்டத்துக் குழியிலோ மெரினா மணலிலோ போட்டால் அசையாமல் கிடக்கும். பெட் பாட்டிலோடு கலந்துவிட்டால் அந்தச் சரக்கையும் கெடுத்துவிடும். ‘மக்கும்’ என்று அச்சடித்த பை கையில் கிடைத்தால் எங்கே, எத்தனை டிகிரியில், எத்தனை நாளில் என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்விக்குச் சோதித்துப் பதில் சொல்லும் அமைப்புகளில் ஒன்று சென்னை கிண்டியிலேயே இருக்கிறது: சிப்பெட் எனப்படும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்.

பிளாஸ்டிக்கே வேண்டாம், காகிதம் போதும் என்பவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. காகிதம் ஈரம் தாங்காது. டீ ஊற்றும் பேப்பர் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூசியிருப்பதால்தான் அது ஒழுகாமல் நிற்கிறது. சூடான பானம் 15 நிமிடம் அதில் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று 2020-ல் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டார்கள். தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது. எத்தனை டீக்கடைகளுக்கு அது நினைவிருக்கிறது என்பது வேறு விஷயம்.

கரும்புச் சக்கைத் தட்டின் கதையும் ஏறக்குறைய இதேதான். சக்கைக் கூழை அச்சில் அழுத்திச் செய்யும் தட்டு பார்க்க அழகு, மக்கவும் மக்கும். எண்ணெய் ஊறாமல் இருக்க உலகெங்கும் பல ஆலைகள் அதில் கலந்தது பிஎஃப்ஏஎஸ் என்ற ஃபுளோரின் வேதிப்பொருள். அது எளிதில் சிதையாது. மண்ணிலும் நீரிலும் ரத்தத்திலும் தங்கிவிடும். எண்ணெய் புகாமைக்கான அந்தப் பொருட்கள் அமெரிக்க உணவு உறைச் சந்தையில் இனி விற்கப்படுவதில்லை என்று 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. எதிர்பாராத அடி அடுத்த ஆண்டு விழுந்தது, பாக்கு மட்டைத் தட்டின் மேல். எந்த ரசாயனமும் கலக்காமல், விழுந்த மட்டையைக் கழுவிச் சூடான அச்சில் அழுத்தினாலே தட்டு தயார் என்பதால் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் சிறு தொழிலாகப் பரவிய சரக்கு அது. பாக்கில் இருக்கும் அரிகோலின் போன்ற பொருட்கள் தட்டிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி, அதே அமெரிக்க நிர்வாகம் 2025-ல் அதன் விற்பனைக்கு எதிராக எச்சரித்தது. இயற்கையானது என்ற ஒரே சான்றிதழை வைத்துக்கொண்டு கடல் தாண்ட முடியாது என்பது ஏற்றுமதியாளர்களுக்கு அப்போது உறைத்தது. பந்தியில் வாழை இலையையும் பார்சலில் மந்தாரை இலையையும் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துகிற நமக்கு இது கொஞ்சம் கோபம் தரும் செய்திதான். ஆனால் பாக்கும் வாழையும் ஒரே மரமல்ல.

இந்தத் திசையில் அதிகம் நம்பிக்கை தருவது கடற்பாசி. லண்டனில் ரோட்ரிகோ கார்சியா கொன்சாலெஸ், பியர் பாஸ்லியே என்ற இருவர் தொடங்கிய ‘நாட்ப்ளா’ நிறுவனம், பாசிச் சாற்றில் செய்த தோலுக்குள் தண்ணீரை அடைத்தது. வாயில் போட்டால் தோலையும் சேர்த்து விழுங்கிவிடலாம். 2019 லண்டன் மாரத்தானில் ஓடியவர்களுக்குப் பாட்டிலுக்குப் பதிலாக இந்த உருண்டைகள் ஆயிரக்கணக்கில் தரப்பட்டன. வேடிக்கைப் பொருளாகத் தொடங்கினாலும் நிறுவனம் பிறகு இறங்கியது உருப்படியான வேலையில்: ஹோட்டல் பார்சல் அட்டைப்பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் பூச்சுக்குப் பதில் பாசிப் பூச்சு. 2022-ல் எர்த்ஷாட் பரிசு பெற்றது. இந்தியாவில் நேகா ஜெயின் தொடங்கிய ‘ஜீரோசர்க்கிள்’ கடற்பாசிப் படலங்கள் செய்கிறது. 2023-ல் டாம் ஃபோர்டு பிளாஸ்டிக் புத்தாக்கப் பரிசை வென்ற மூன்று நிறுவனங்களில் ஒன்று.

பாசிக்கு நல்ல நிலம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். இது ராமநாதபுரம் கடற்கரைப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறித்து வந்தவர்கள் அவர்கள். மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி ஏறக்குறைய 45 நாளில் அறுவடைக்கு வரும். இதுவரை அது ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் கெட்டித்தன்மை தரும் கராஜீனனாகப் போய்க்கொண்டிருந்தது. பற்பசையைச் சுற்றும் உறையாகவும் போக முடியுமா என்பது இனி விலையைப் பொறுத்தது. பாசிப் படலம் ஈரத்தில் இளகிவிடும் குணம் உடையது, சாதாரணப் பிளாஸ்டிக்கைவிடச் செலவும் கூடுதல். டிவிப் பெட்டிக்குள் வரும் தெர்மாக்கோலுக்கு மாற்றாகக் காளானின் வேரிழைகளை விவசாயக் கழிவில் வளர்த்து அச்சுருவாக்கும் அமெரிக்காவின் எக்கோவேட்டிவ் நிறுவனம் 2007-ல் தொடங்கியது. நல்ல சரக்குதான். ஆனால் தெர்மாக்கோல் நிமிடத்தில் வார்க்கப்படும், காளான் வளர நாட்கள் ஆகும்.

மூன்றாவது திசையில் புதுப் பொருளே கிடையாது. பழைய கண்ணாடி பாட்டிலைத் திரும்ப வாங்குவது, அவ்வளவுதான். நீலகிரிக் காடுகளில் வீசப்பட்ட மது பாட்டில்களின் உடைசல் யானைகளின் காலைக் கிழிப்பதாக வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. பத்தில் ஒன்பது பாட்டிலுக்கும் மேல் திரும்பி வந்தன. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஆராய்ச்சிக்கூடம் எதுவும் தேவைப்படாத இந்த முறை, மேலே சொன்ன பல கண்டுபிடிப்புகளைவிட வேகமாகக் காட்டைச் சுத்தம் செய்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. அங்கே முணுமுணுத்தவர்கள் கடை ஊழியர்கள்: காலி பாட்டிலை எங்கே அடுக்குவது, யார் எண்ணுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது யார்? அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. திரும்ப வாங்கும் எந்தத் திட்டத்துக்கும் இடமும் ஆளும் வேண்டும்.

பெட் பாட்டிலுக்கு அப்படி ஒரு வைப்புத்தொகை இல்லாமலே விலை வந்துவிட்டது, அதை நூலாக்க ஆலைகள் இருப்பதால். 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல மேல்சட்டையின் துணி, காலி தண்ணீர் பாட்டில்களிலிருந்து கரூரில் தயாரானது. உணவுப் பொருள் அடைக்கும் உறைகளிலேயே மறுசுழற்சி பெட்டைப் பயன்படுத்த 2022-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் விதிமுறைகளோடு வழிவிட்டது. எனவே பாட்டில் இனி சட்டையாக மட்டுமின்றி மறுபடி பாட்டிலாகவும் ஆகலாம்.

அடுத்த அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் சட்ட வலிமை பெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய உறைச் சட்டம், 2026 ஆகஸ்ட் 12 முதல் அமலாகிறது. உணவு உறைகளில் பிஎஃப்ஏஎஸ்ஸுக்குக் கடும் வரம்பு அன்றே தொடங்கும். 2030-ல் அந்தச் சந்தைக்குள் வரும் எல்லா உறைகளும் மறுசுழற்சிக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். ஆன்லைன் ஆர்டர் பெட்டிக்குள் காலி இடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. திருப்பூரிலிருந்து பனியன் அனுப்புபவருக்கும் தூத்துக்குடியிலிருந்து இறால் அனுப்புபவருக்கும் இது தொலைதூரச் செய்தி அல்ல. சரக்கின் தரத்தோடு சேர்த்து, அதைச் சுற்றும் பை என்ன பிளாஸ்டிக், எத்தனை அடுக்கு, என்ன மை என்ற விவரத்தையும் அவர்கள் இனி காகிதத்தில் காட்ட வேண்டியிருக்கும்.